நாட்டுக்கோழியா, அதன் சாயலா? குமரியில் கோழி வாங்குமுன் பார்க்க வேண்டியவை

குமரி மாவட்டத்துச் சந்தைகளிலும் குஞ்சு வண்டிகளிலும் ‘நாட்டுக்கோழி’ என்ற ஒற்றைப் பெயரில் ஐந்தாறு வகைக் கோழிகள் கைமாறுகின்றன. வீட்டுப் புரையிடத்தில் தலைமுறை தலைமுறையாக மேய்ந்து வளர்ந்த சிறுவிடை ஒன்று. சண்டைக்கோழி உடம்பு கொண்ட பெருவிடை ஒன்று. கருங்கோழி என்று கேட்டு வாங்கும் கடக்நாத் இன்னொன்று. கிராமப்பிரியா, வனராஜா, கிராமஸ்ரீ என ஆய்வு நிலையங்கள் உருவாக்கிய ரகங்கள் வேறு. முட்டைப் பண்ணையில் காலம் முடிந்து கழித்துவிட்ட பழுப்புக் கோழியும் அதே கூடையில் கிடக்கும். எது எதோடு சேர்ந்ததென்று விற்பவருக்கே தெரியாத கலப்புகள் இவை எல்லாவற்றையும்விட அதிகம்.

கலப்பு என்றாலே கெட்டது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு கோழிக்கும் அதனதன் வேலை இருக்கிறது. பெயர் மாறி வரும்போதுதான் நட்டம். அடை உட்காரும் என்று நம்பி வாங்கிய பெட்டை அடையே உட்காராது. சோறும் தவிடும் போதும் என்று நினைத்து வளர்த்தது சில வாரத்தில் ஓடில்லாத தோல்முட்டை இடும். தாய்க்கோழிக்கென்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியதன் குஞ்சுகள் ஆளுக்கொரு சாயலில் வந்து நிற்கும். அதனால் ‘இது சுத்தமா’ என்ற கேள்விக்கு முன்னால் ‘எனக்கு எதற்கு’ என்ற கேள்வியை வைத்துக்கொள்வது நல்லது. எந்த அளவுக்குச் சோதிக்க வேண்டும் என்பது அதைப் பொறுத்ததுதான்.

தேவையைப் பொறுத்துத் தேர்வு

வீட்டுக்கு முட்டை மட்டும் போதும், குஞ்சு பொரிக்கும் எண்ணமில்லை என்றால் சுத்தமான சிறுவிடையைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. சிறுவிடை ஒரு ஈட்டுக்கு 12 முதல் 15 முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். ஆண்டுக்கு மூன்று, நான்கு ஈடு என்றால் மொத்தம் 40 முதல் 60 முட்டை. ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழியின ஆராய்ச்சி இயக்ககம் தந்த கிராமப்பிரியாவோ, திருச்சூர் மண்ணுத்தியில் உருவான கிராமஸ்ரீயோ நல்ல தீவனத்தில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இடும். இவற்றை இவற்றின் பெயரிலேயே கேட்டு வாங்கினால் ஏமாற இடமில்லை. விற்பவரும் மறைக்க வேண்டியதில்லை.

இறைச்சிக்காக வளர்ப்பவருக்கு வனராஜா பொருந்தும். பல நிற இறகோடு, பார்வைக்கு நாட்டுக்கோழி போலவே இருக்கும். பருந்து, கீரி கண்ணில் எளிதில் படக்கூடாது என்பதற்காகவே அந்த நிறத்தைத் தேர்ந்து உருவாக்கினார்கள். ஆனால் உடம்பு கனம், பறந்து மரமேறாது. அடைப்பில்லாத ரப்பர் விளையில் விட்டால் கீரிக்கும் தெருநாய்க்கும்தான் லாபம். இரவு அடைக்கப் பலகைக்கூடு இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

தாய்க்கோழி வேண்டும், அதுவே அடை உட்கார்ந்து குஞ்சு பொரித்து வளர்க்க வேண்டும், இன்குபேட்டர் செலவு வேண்டாம் என்பவருக்குத்தான் உண்மையான சிறுவிடை தேவை. வாங்கியதை வைத்துப் பெருக்கி, வம்சத்தின் பெயர் சொல்லி விற்க நினைப்பவர் பெருவிடையிலும் கடக்நாத்திலும் இன்னும் கடுமையாகச் சோதிக்க வேண்டும். கட்டுரையின் பெரும்பகுதி இந்த இரண்டு கூட்டத்தாருக்கானது.

சிறுவிடையும் அதன் சாயல்களும்

முதலில் ஒரு தெளிவு. சிறுவிடை ஒரே நிறம், ஒரே கொண்டை என்று வரையறுத்து வளர்த்த இனம் அல்ல. அது வட்டாரக் கோழி. செவலை, கருப்பு, புள்ளி, சாம்பல், வெள்ளை என எந்த நிறத்திலும் வரும். கால் மஞ்சளாகவும் இருக்கும், வெள்ளையாகவும் இருக்கும், கறுப்பாகவும் இருக்கும். அதனால் நிறத்தைக் காட்டி ‘இதுதான் ஒரிஜினல்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சைத் தள்ளிவிட்டு உடம்பைப் பாருங்கள்.

பெட்டை 1 முதல் 1.3 கிலோ, சேவல் (மேற்கே விளவங்கோடு பக்கம் பூவன் என்பார்கள்) 1.5 முதல் 2 கிலோ. அதற்குமேல் கனத்தால் சந்தேகப்படலாம். கையில் தூக்கினால் உடம்பு நீள்வாக்கில் இறுகியிருக்கும். கால் மெலிதாக, விரல் நீண்டு, நகம் மண்ணில் கிளறித் தேய்ந்திருக்கும். இரண்டு காலுக்கும் நடுவில் இடைவெளி குறைவு. பிராய்லர் ரத்தம் கலந்ததென்றால் நெஞ்சு அகன்று, கால்கள் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கும், கணுக்கால் தடித்திருக்கும். தரையில் விட்டுத் துரத்திப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். சிறுவிடை ஐந்தாறு அடிச் சுவரைத் தாவும், அந்தியில் பலாமரக் கிளை தேடும். கனத்த கலப்பு ஓடி மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும்.

சந்தையில் அதிகம் ஏமாற்றுவது பண்ணையில் கழித்த பழுப்பு முட்டைக்கோழிதான். இதைக் கண்டுபிடிக்க இனத்தின் அறிவே வேண்டாம், பண்ணை விட்டுச்சென்ற தழும்பைத் தேடினால் போதும். அலகைப் பாருங்கள். கூண்டில் ஒன்றையொன்று கொத்தாமலிருக்கக் குஞ்சிலேயே அலகு நுனியைச் சுட்டு நறுக்கியிருப்பார்கள். மேல் அலகு மொண்ணையாக, கீழ் அலகைவிடக் குட்டையாக இருக்கும். மேய்ந்து வளர்ந்த கோழிக்கு மேல் அலகு கூர்ந்து கீழ்நோக்கி லேசாக வளைந்திருக்கும். அடுத்து நகம். கம்பிவலை மேல் நின்றே வாழ்ந்த கோழிக்கு நகம் தேயாமல் நீண்டு வளைந்துகிடக்கும். கழுத்தின் முன்பக்கம் தீவனத் தொட்டியில் உரசி இறகு உதிர்ந்திருக்கும். வால் நுனி ஒடிந்து துடைப்பம் போலிருக்கும். பெட்டைக்கே கொண்டை பெரிதாக வளர்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மஞ்சள் காலாக இருக்க வேண்டியது வெளுத்துக் காகிதம்போல் இருக்கும். மாதக்கணக்கில் விடாமல் முட்டையிடும் கோழியின் தோலிலுள்ள மஞ்சள் முட்டைக் கருவுக்குப் போய்விடுவதுதான் காரணம். இவற்றில் இரண்டு அடையாளம் சேர்ந்து தெரிந்தாலே கூடையை விட்டு நகரலாம்.

பழுப்பு முட்டைக்கோழியில் ஆண்குஞ்சுகள் பொரித்த அன்றே வெள்ளையாகவும் பெண்குஞ்சுகள் பழுப்பாகவும் இருக்கும். ஆண்குஞ்சு பண்ணைக்கு வேண்டாத சரக்கு. அதற்குப் பச்சை, சிவப்புச் சாயம் ஏற்றித் திருவிழாக்களில் விற்பார்கள். சில வாரத்தில் இறகு முளைக்கும்போது சாயம் போய், வெள்ளை உடம்பில் அங்கங்கே செம்பட்டை படர்ந்த ஒல்லியான சேவலாக நிற்கும். நான்கைந்து மாதம் கழித்து அதையே நாட்டுச் சேவல் என்று விற்கும்போது, வெள்ளையில் செம்பட்டை என்ற அந்தச் சேர்க்கையும் மிகப் பெரிய ஒற்றைக் கொண்டையும் காட்டிக்கொடுத்துவிடும்.

குஞ்சாக வாங்குகிறவர்களுக்கு ஒரு தராசுக் கணக்கு உதவும். பொரித்த குஞ்சின் எடை முட்டை எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. சிறுவிடை முட்டை 35 முதல் 45 கிராம், அப்படியானால் குஞ்சு 23 முதல் 30 கிராம். மேம்படுத்திய ரகத்தின் முட்டை 55 கிராம் என்றால் குஞ்சு 36, 37 கிராம் வரும். பத்துக் குஞ்சைச் சின்னக் கூடையில் போட்டு, கூடையின் எடையைக் கழித்துப் பாருங்கள். 300 கிராமுக்கு உள்ளே இருந்தால் தாய் சிறிய கோழி என்று கொள்ளலாம். 350ஐத் தாண்டினால் அது வீட்டுக்கோழிக் குஞ்சு அல்ல. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இந்தக் கணக்கு தாயைத்தான் சொல்லும், தகப்பனைச் சொல்லாது. சிறுவிடைப் பெட்டைமேல் வனராஜாச் சேவல் ஏறியிருந்தாலும் முட்டை சின்னதுதான், குஞ்சும் சின்னதுதான். அந்த வித்தியாசம் எட்டாவது வாரத்தில் வெளிவரும். வீட்டு வளர்ப்பில் சிறுவிடை அப்போது அரைக் கிலோவை எட்டுவதே அரிது. முழுத்தீவனம் இல்லாமலே முக்கால் கிலோவைத் தாண்டிய குஞ்சு கூட்டத்தில் இருந்தால் தகப்பன் வேறு.

அடை உட்காருவதுதான் சிறுவிடைக்குச் சரியான உரைகல். முட்டைக்கென்று தேர்ந்து வளர்த்த கோழிகளில் அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். ஏனென்றால் அடை உட்காரும் கோழி முட்டையை நிறுத்திவிடும். கலப்பில் இந்தக் குணம் அரைகுறையாக வரும், அதுதான் ஆபத்து. முழுக்க உட்காராத கோழியால் நட்டமில்லை. பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் எழுந்து போய்விடும் கோழியால் ஒரு ஈட்டு முட்டையும் கூமுட்டையாகும். ஆகவே வாங்கிய பெட்டைக்கு முதல் தடவை நல்ல முட்டையை வைக்காதீர்கள். கூமுட்டையோ வேறு கழித்த முட்டையோ நான்கைந்து வைத்து, 12 நாள் விடாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். நாளைக்கு ஒருமுறை இறங்கி, தீனி தின்று, தண்ணீர் குடித்து, பெரிதாக ஒரு எச்சம் போட்டுவிட்டு, கால் மணி, அரை மணி நேரத்துக்குள் திரும்பிவந்து உட்கார்ந்தால் நம்பலாம். கை நீட்டினால் உடம்பை ஊதிப் பெருக்கிக் கொத்த வர வேண்டும். அதன் பிறகு நல்ல முட்டையை இரவில் மாற்றி வையுங்கள், 21 நாள் அன்றிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

சிறுவிடைக்கு ஆதாரமென்று சொல்லும் இரண்டு விஷயங்களை நம்ப வேண்டாம். கருவின் ஆழ்ந்த மஞ்சள் தின்ற பச்சையிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருவது. கூண்டுக்கோழிக்கும் முருங்கைக்கீரை போட்டால் அதே நிறம் வரும். முட்டை ஓட்டின் இளம்பழுப்பும் தனியாகச் சாட்சி ஆகாது. வெள்ளை முட்டைக்கோழியோடு கலந்ததும் வெளிர் சந்தன நிறத்தில் இடும். ஓட்டைவிட எடையைப் பார்ப்பது மேல். முட்டை 50 கிராமுக்கு மேலே போனால் கேள்வி கேளுங்கள்.

மொட்டைக் கழுத்து

திருவனந்தபுரம் பக்கமும் அதை ஒட்டிய நம் மேற்குப் பகுதியிலும் கழுத்தில் இறகில்லாத கோழி பழக்கமானது. இதில் கலப்பைக் கண்டுபிடிப்பது மற்ற எல்லாவற்றையும்விட எளிது. வாங்கும் இடத்திலேயே பார்த்துவிடலாம். இரண்டு பெற்றோரிடமிருந்தும் அந்தக் குணம் வந்த கோழிக்குக் கழுத்து முழுக்க வெறுமை. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் முன்கழுத்தின் அடியில், தீனிப்பைக்குச் சற்று மேலே, சின்னத் தாடிபோல ஒரு கொத்து இறகு நிற்கும். குஞ்சிலேயே அந்தக் கொத்து தெரியும். தாடியுள்ள சேவலையும் தாடியுள்ள பெட்டையையும் சேர்த்தால் குஞ்சுகளில் கால் பங்கு முழு மொட்டை, அரைப் பங்கு தாடியோடு, கால் பங்கு சாதாரணக் கழுத்து என்று வரும். முழு மொட்டை இரண்டைச் சேர்த்தால் எல்லாமே முழு மொட்டை. இறகு குறைவாக இருப்பதால் கோடையில் இந்தக் கோழி மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும்.

பெருவிடை: கொண்டை மட்டும் போதாது

அசில் இனத்தைச் சேர்ந்த பெருவிடையில் சேவல் 3 முதல் 4 கிலோ வரை வரும். முட்டை சிறுவிடையைவிடக் குறைவு. முட்டைக்காக இதை வளர்ப்பதில் பொருளில்லை. நின்றால் உடம்பு நிமிர்ந்து, முதுகு பின்னால் சரிந்து, வால் தாழ்ந்திருக்கும். கழுத்து நீளம், புருவ எலும்பு முன்தள்ளிக் கண் உள்ளே பதிந்திருக்கும். இறகு குறைவு, இருப்பதும் உடம்போடு ஒட்டி விறைப்பாக இருக்கும். நெஞ்செலும்பின் முனையில் இறகில்லாமல் சிவந்த தோல் தெரிவது வழக்கம். தாடைத்தொங்கல் இல்லை என்றே சொல்லலாம்.

பெரும்பாலோர் கொண்டையை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். பெருவிடையின் கொண்டை தாழ்ந்து, தலையோடு ஒட்டி, மூன்று வரிசைச் சின்னப் பயறுபோல இருக்கும். ஆனால் இந்தப் பயறுக் கொண்டைக் குணம் ஓங்கு குணம். அப்பன் பெருவிடை, அம்மை ஒற்றைக் கொண்டைப் பண்ணைக்கோழி என்றாலும் குஞ்சுக்கு வருவது பயறுக் கொண்டைதான். உற்றுப் பார்த்தால் வித்தியாசம் உண்டு. கலப்பில் நடு வரிசை மற்ற இரண்டையும்விடச் சற்று உயர்ந்து நிற்கும், தாடைத்தொங்கலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். வயது முதிர்ந்த சேவலில் இது நன்றாகத் தெரியும், இளஞ்சேவலில் ஏமாற்றிவிடும்.

சேவலின் கொண்டையைத் தீர்மானமாகச் சோதிக்க வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. ஒற்றைக் கொண்டையுள்ள பெட்டை எதுவானாலும் சரி, வீட்டில் முட்டைக்கு வளர்ப்பதே போதும், அதனோடு மட்டும் அந்தச் சேவலை விடுங்கள். சேவல் கலப்பாக இருந்தால் குஞ்சுகளில் பாதி ஒற்றைக் கொண்டையோடு வரும். மூன்று, நான்கு வாரத்தில் கொண்டை தெளிவாகிவிடும். ஒரே ஒரு குஞ்சு ஒற்றைக் கொண்டையோடு வந்தாலும் சேவல் கலப்பு என்று முடிவு செய்துவிடலாம். ஐந்து குஞ்சும் பயறுக் கொண்டையாக வந்தால், கலப்புச் சேவல் தப்பித்துவிட 32இல் ஒரு வாய்ப்புதான். ஏழு குஞ்சு என்றால் 128இல் ஒன்று. இது கொண்டைக்கான சோதனை என்பதை நினைவில் வையுங்கள். கொண்டையில் தேறிய சேவலை உடம்பு, இறகு, நிற்கும் தோரணை ஆகியவற்றில் தனியே பார்க்கத்தான் வேண்டும்.

சோதனைக்கு விடுமுன் பெட்டையை மூன்று வாரம் எந்தச் சேவலும் இல்லாமல் தனியே வையுங்கள். சேவல் ஏறியபின் விந்து பெட்டையின் உடம்புக்குள் இரண்டு, மூன்று வாரம் உயிரோடு இருக்கும். அந்த இடைவெளி தராமல் வைத்த முட்டையில் பழைய சேவலின் குஞ்சு வந்து, நல்ல சேவலுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரும். இதற்கு நேர்மாறான ஒரு நம்பிக்கையும் ஊரில் உண்டு: ஒருமுறை பிராய்லர் சேவல் ஏறிவிட்டால் அந்தப் பெட்டையின் வம்சமே கெட்டுவிடும் என்பது. அது உண்மையல்ல. மூன்று வாரம் கழிந்தால் பழைய சேவலின் தடம் எதுவும் இராது. அந்தக் காரணத்துக்காக நல்ல தாய்க்கோழியை யாரும் கறிக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

கறுப்புக் கோழிகளுக்குள் கருங்கோழி எது

கடக்நாத் மத்தியப் பிரதேசம் ஜாபுவா பகுதியின் கோழி. 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் நம் பக்கமும் கேட்பவர்கள் பெருகினார்கள். விலை கூடியதும் கறுப்பாக இருப்பதெல்லாம் கடக்நாத் ஆயிற்று. இறகு கறுப்பான கோழிகள் குறைந்தது நான்கு உண்டு. வடகேரளத்துத் தலச்சேரிக் கோழி கருநீல மினுமினுப்போடு இருக்கும். ஆஸ்திரேலிய இனமான ஆஸ்திரலார்ப் பச்சை மினுமினுப்போடு இருக்கும். சிறுவிடையிலேயே முழுக் கறுப்பு உண்டு. நான்காவது கடக்நாத். முதல் மூன்றுக்கும் கொண்டை, தொங்கல் இரத்தச் சிவப்பு. கடக்நாத்துக்குக் கருஞ்சாம்பல் அல்லது கருஊதா.

இறகை விட்டுவிட்டு நான்கு இடத்தைப் பாருங்கள். அலகைத் திறந்து நாக்கும் அண்ணமும். இறக்கையைத் தூக்கி அடியில் தோல். இறகை எதிர்ப்பக்கமாக ஊதி நெஞ்சுத் தோல். கடைசியாகக் காலைப் புரட்டி உள்ளங்கால். ஆஸ்திரலார்ப்பின் கால் மேலே கருமையாக இருந்தாலும் உள்ளங்கால் வெளுத்திருக்கும். கலப்புகள் பலவும் பிடிபடுவது அங்கேதான். கடக்நாத்தின் உள்ளங்கால் சாம்பல் கறுப்பு. நாக்கில் சிவப்புத் திட்டு இருந்தாலோ, சேவலின் கழுத்து இறகில் பொன்னிறம் கசிந்தாலோ கலப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பொன்னிறத்தைப் பெட்டையிலும் சேவலிலும் ஒரே சீராகக் கொண்ட கடக்நாத் வகையும், வெள்ளி வரி ஓடும் வகையும் உண்டு. அவற்றுக்கு நாக்கும் தோலும்தான் சாட்சி.

முட்டை கறுப்பாக இருக்கும் என்று சொல்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். கடக்நாத் முட்டை வெளிர் பழுப்புதான். ரத்தமும் சற்றுக் கருத்த சிவப்பே தவிரக் கறுப்பல்ல.

இனி, தெரிந்தவரையும் ஏமாற்றக்கூடிய ஒரு கலப்பு. கடக்நாத் சேவலை வெளிர் கால் கொண்ட பண்ணைப் பெட்டையோடு சேர்த்தால் பிறக்கும் பெண்குஞ்சுகள் தோலும் நாக்கும் கறுத்து, கடக்நாத் போலவே வளரும். ஆண்குஞ்சுகள் வெளிறியிருக்கும். தோலில் கருமை இறங்காமல் தடுக்கும் மரபணு ஆணுக்கு இரண்டும் பெண்ணுக்கு ஒன்றுமாக இருக்கும் பாலின நிறத்திரியில் (குரோமோசோமில்) இருக்கிறது. பெண்குஞ்சு அந்த நிறத்திரியைத் தகப்பனிடமிருந்து மட்டும் பெறுகிறது. தகப்பனிடம் தடை இல்லை, ஆகவே மகளிடமும் இல்லை. மகனுக்குத் தாயிடமிருந்து தடை வந்துவிடுகிறது. நேர்மாறாகப் பண்ணைச் சேவலும் கடக்நாத் பெட்டையும் சேர்ந்தால் ஆணும் பெண்ணும் வெளிறித்தான் வரும்.

ஆகையால் ஒருவர் கறுத்த விடைப்பெட்டைகளை மட்டும் கொண்டுவந்து நிறுத்தினால், கூடப் பிறந்த சேவல்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே ஈட்டுச் சேவல்களும் கொண்டைமுதல் உள்ளங்கால்வரை கறுத்திருந்தால் ஆறுதல் கொள்ளலாம். ‘சேவலெல்லாம் கறிக்குப் போய்விட்டது’ என்ற பதில் வந்தால் அந்தப் பெட்டைகளுக்குச் சாதாரணக் கோழியின் விலைதான் பேச வேண்டும். அவற்றை முட்டைக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை, தாய்க்கோழியாக வைத்துக் குஞ்சு விற்க முடியாது. கலப்புப் பெட்டையும் அதன் சகோதரச் சேவலும் சேர்ந்தால் அடுத்த தலைமுறையில் கறுப்பு, சாம்பல், சாதாரண நிறம் என எல்லாம் சிதறி வரும்.

ஒருநாள் குஞ்சு வாங்குகிறவர் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். கடக்நாத் குஞ்சு நீலம் கலந்த கறுப்பு, முதுகில் ஒழுங்கற்ற கருவரிகள் இருக்கும். முழுவதும் வெளுத்த வயிறும் இளஞ்சிவப்புக் காலும் இருந்தால் வேண்டாம்.

எங்கே வாங்குவது

வண்டியில் வரும் குஞ்சு, சந்தைக் கூடை, அண்டை வீடு, பண்ணை, அரசு நிலையம் என்று ஐந்து வழி இருக்கிறது. சிறுவிடைக்கு அண்டை வீட்டைவிடச் சிறந்த இடம் இல்லை. தாய்க்கோழியைக் குஞ்சோடு பார்க்கலாம், எந்தப் பூவன் அந்தப் புரையிடத்தில் திரிகிறது என்பதும் தெரியும். பக்கத்து வீட்டில் வனராஜாவோ பிராய்லர் கலப்போ திரிகிறதா என்று நாலு வீடு தள்ளிப் பார்த்துவிடுங்கள். குமரியில் வீடுகள் நெருக்கம், வேலி தாண்டுவது கோழிக்குப் பெரிய காரியமல்ல. பூதப்பாண்டி, தோவாளைப் பக்கம் வயலோரம் தனித்திருக்கும் வீடுகளில் இந்தத் தொந்தரவு குறைவு.

மேம்படுத்திய ரகங்களுக்கு அரசுக் கால்நடை மருத்துவமனையிலோ திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ முதலில் விசாரியுங்கள். எந்த ரகம், எந்த மாதம், எங்கே கிடைக்கும் என்று வழி சொல்வார்கள். பண்ணையில் வாங்கினால் ரகத்தின் பெயரும் பொரித்த தேதியும் எழுதிய ரசீது கேளுங்கள். பெயரை எழுதத் தயங்குகிறவர் ‘நாட்டுக்கோழிக் குஞ்சு’ என்று மட்டும் எழுதித் தருவார், அதுவே பதில்.

ரகம் எதுவானாலும் வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி தவறக் கூடாது. முதல் வாரம் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, மூன்றாம் வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. சிறுவிடைக்கு நோயே வராது என்ற பேச்சை நம்பி விட்டவர்கள் ஒரே வாரத்தில் கூட்டையே இழந்ததுண்டு. ஆனி, ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் ஈரத் தரையில் ரத்தக் கழிச்சல் வரும். தரையில் வளரும் பண்ணை ரகக் குஞ்சுகளை அது முதலில் பிடிக்கும். தரையில் போட்ட உமியைக் கைப்பிடியில் இறுக்கினால் உருண்டையாகப் பிடிக்கும் அளவுக்கு ஈரம் ஏறியிருந்தால் அன்றே மாற்றுங்கள்.

தீவனத்திலும் ரகத்தை மறந்துவிடக் கூடாது. சிறுவிடைப் பெட்டை மேய்ச்சலோடு நாளைக்கு 30 முதல் 40 கிராம் தானியத்தில் நிற்கும். கிராமப்பிரியாவுக்கும் பழுப்புக் கோழிக்கும் 110 கிராம் வரை முட்டைக்கோழித் தீவனம் வேண்டும், கிளிஞ்சல் தூளும் வேண்டும். சோற்றிலும் தவிட்டிலும் போதிய சுண்ணாம்புச் சத்து இல்லை. எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டிக் கட்டி, கடைசியில் தோல்முட்டை இடும், கால் தளர்ந்து உட்காரும். அதை நோய் என்று நினைத்து மருந்து வாங்குவதில் பயனில்லை.

ஏற்கெனவே கலப்பை வாங்கிவிட்டால்

எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. அடை உட்காரும் குணமும் சின்ன உடம்பும் உள்ள பெட்டைகளை வைத்துக்கொண்டு, நிச்சயமான ஒரு சிறுவிடைப் பூவனை விடலாம். முதல் தலைமுறைக் குஞ்சில் வேற்று ரத்தம் பாதியாகக் குறையும், அடுத்ததில் கால், அதற்கடுத்ததில் அரைக்கால். சிறுவிடைப் பெட்டை முட்டையிட ஆறேழு மாதம் எடுக்கும் என்பதால் மூன்று தலைமுறைக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆகும். ஒவ்வொரு தலைமுறைக்கும் பூவனை மாற்றுங்கள், வேறு வீட்டிலிருந்து வாங்குங்கள். மகள்மேல் அதே தகப்பனை விட்டால் பொரிப்பு குறையும், குஞ்சு சூம்பும். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு பூவன் போதும்.

மூன்று தலைமுறை தாண்டியதைக் கண்ணால் பிரித்தறிய யாராலும் முடியாது. வீட்டு வளர்ப்புக்கு அதில் குறையில்லை. பெயர் சொல்லி விற்பவர் மட்டும் அதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டும்.

குஞ்சு பொரித்த அன்றே ஈட்டு வாரியாக ஒரு நிறப் பிளாஸ்டிக் வளையம் காலில் போடுங்கள். கால் தடிக்கத் தடிக்க, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெரியதாக மாற்றுங்கள். இல்லையேல் வளையம் தசையில் இறங்கிப் புண்ணாகும். எந்தப் பெட்டையின் முட்டை, எந்தப் பூவன், பொரித்த தேதி, எட்டாம் வார எடை, கொண்டை, உள்ளங்கால் நிறம் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஐந்தாம் மாதம் எதை நிறுத்துவது, எதைக் கறிக்கு விடுவது என்று பார்க்கும்போது அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டைத் திறங்கள்.